நிலக்கடலையில் பூஞ்சண விஷத்தைப் பிரித்தறியும் முறையும் அதைத் தடுக்கும் வழிகளும்

காரியாபட்டி, அருப்புக்கோட்டை, திருச்சுழி தாலுக்காக்கள் அடங்கிய வறண்ட பிரதேசத்தில் வெள்ளாமை பெரும்பாலும் மழையை நம்பியே நடைபெறுகிறது. கரிசல் நிலங்களில் பருத்தி, சோளம், குதிரைவாலி, மக்காச்சோளம், மிளகாய் முதலியன பயிராகின்றன. செவல் நிலங்களில் நிலக்கடலை பயிராகிறது. கடலைப் பருப்பு விற்பனைக்குப் போகிறது. அதில் ஒரு பகுதி செக்கிலாடி வீட்டுக்கு எண்ணெயாகிறது. புண்ணாக்கும் கொடியும் மாடுகளுக்குத் தீவனமாகின்றன. ஒரே பயிர் கடைவீதிக்கும் அடுப்பங்கரைக்கும் தொழுவத்துக்கும் செல்வதால், அதில் ஒரு தீங்கு சேருமாயின் அத்தீங்கும் இம்மூன்று இடங்களுக்கும் சென்று சேரும்.

அத்தகைய தீங்குகளுள் முக்கியமானது அப்ளாடாக்ஸின் என்னும் பூஞ்சண விஷமாகும். ஆஸ்பெர்ஜில்லஸ் பிளேவஸ் என்ற பூஞ்சணமும் அதன் இனத்தைச் சேர்ந்த ஆஸ்பெர்ஜில்லஸ் பாரஸிடிகஸ் என்ற மற்றொன்றும் இவ்விஷத்தை உண்டாக்குகின்றன. கடலையில் மட்டுமின்றி மக்காச்சோளம், மிளகாய் வற்றல், பருத்திக்கொட்டை, கொப்பரை ஆகியவற்றிலும் இது காணப்படுகிறது. உணவில் சேரும் அளவில் இதனை நிறத்தாலோ மணத்தாலோ ருசியாலோ அறிய இயலாது. பச்சைப் பொடி பூத்த பருப்பைக் கண்டால் சந்தேகிக்கலாமே தவிர, வெளிக்குச் சுத்தமாகத் தோன்றும் பருப்பிலும் விஷம் இருக்கக்கூடும். வேக வைப்பதாலும் தாளிப்பதாலும் இது அழிவதில்லை. வறுத்தாலும் ஒரு பகுதியே குறையும். ஆகவே இவ்விஷத்தைக் கண்ணுக்குப் புலப்படுத்த ஒரு பரீட்சை அவசியமாயிற்று. அப்பரீட்சை யாது, அது எதைக் காட்டும், எதைக் காட்டாது, அதைக்கொண்டு குடியானவர் செய்யத்தக்கது யாது என்பவை இங்கு விவரிக்கப்படுகின்றன.

விஷம் கண்டறியப்பட்ட வரலாறு

1960-ம் வருஷத்தில் இங்கிலாந்தில் சில மாதங்களுக்குள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் காரணம் புலப்படாமல் மடிந்தன. வாத்துக் குஞ்சுகளும் இறந்தன. தொற்றுநோய்க்குரிய கிருமி எதுவும் அகப்படவில்லை. தீவனத்தை ஆராய்ந்தபோது, பிரேஸில் தேசத்திலிருந்து வந்த நிலக்கடலைப் புண்ணாக்கு மாவே காரணம் என்று தெரிந்தது. அடுத்த வருஷம் விஷமுள்ள கடலையிலிருந்து மேற்படி பூஞ்சணம் பிரித்தெடுக்கப்பட்டது. விஷச்சத்தை ஊதாக் கடந்த கிரணங்களின் கீழ் வைத்தால் அது நீல நிறமாக ஒளிர்வதும் அறியப்பட்டது. 1963-ல் ஹார்ட்லி, நெஸ்பிட், ஓகெல்லி என்ற மூவர், இது ஒரே பொருளன்று, நான்கு பொருள்களின் கலப்பு என்று பிரித்துக் காட்டினர். நீலமாக ஒளிர்ந்த இரண்டுக்கும் பி-1, பி-2 என்றும், பச்சையாக ஒளிர்ந்த இரண்டுக்கும் ஜி-1, ஜி-2 என்றும் பெயர் வைக்கப்பட்டது. இந்நான்கிலும் பி-1 என்பதே மிகக் கொடியது. ஈரலைத் தாக்குவதும், நாளடைவில் அதில் புற்றுநோயை உண்டாக்குவதும் அதன் இயல்பாகும்.

நம் தேசத்துக்கும் இது புதிதன்று. 1966-ல் அக்காலத்து மைசூர் ராஜ்யத்தில் கடலைப் புண்ணாக்கு கலந்த தீவனத்தால் கோழிக் குஞ்சுகள் மடிந்தன. போஷாக்குக் குறைவால் மெலிந்த குழந்தைகளுக்குப் புஷ்டி தரும் என்று கொடுக்கப்பட்ட கடலை மாவில் இவ்விஷம் இருந்ததால், அக்குழந்தைகளுக்கு ஈரல் கெட்ட செய்தி மைசூரிலிருந்து 1971-ல் வெளியாயிற்று. 1974-ம் வருஷத்தின் பிற்பகுதியில் ராஜஸ்தானத்து பான்ஸ்வாரா, குஜராத்தைச் சேர்ந்த பஞ்சமஹால் ஆகிய ஜில்லாக்களில் 150-க்கும் மேற்பட்ட கிராமங்களில் மஞ்சள் காமாலையும் வயிற்றில் நீர்கோத்தலும் பரவின. 397 பேர் நோயுற்றனர்; அவர்களில் 106 பேர் இறந்தனர். அவ்வீடுகளில் மீந்த சோறுண்ட நாய்களும் மாண்டன. அறுவடைச் சமயத்தில் பருவமின்றிப் பெய்த மழையில் நனைந்து, சரிவரக் காயாமல் சேமிக்கப்பட்ட மக்காச்சோளமே இதற்குக் காரணம் என்று ஹைதராபாத்திலுள்ள தேசிய போஷாக்கு ஸ்தாபனத்தார் கண்டனர். அத்தானியத்தில் கிலோ ஒன்றுக்கு 6 முதல் 15 மில்லிகிராம் வரை விஷம் இருந்தது. 2004-ல் ஆப்பிரிக்காவிலுள்ள கென்யா தேசத்திலும் இவ்வாறே மக்காச்சோளத்தால் 317 பேர் நோயுற்று 125 பேர் இறந்தனர்.

பான்ஸ்வாராவில் பாதிக்கப்பட்டவர்கள் விலைக்கு வாங்கிய பண்டத்தை உண்டவர்களல்லர். பெரும்பாலும் தம் நிலத்தில் விளைந்ததையே உண்டவர்கள். இது ஏற்றுமதி வியாபாரிகளின் கவலை மட்டுமே என்று எண்ணுவோர் இதனைக் கவனித்தல் வேண்டும்.

பூஞ்சணம் கடலையைப் பற்றும் காலம்

இப்பூஞ்சணம் மண்ணிலேயே வாழ்வது. கடலைக் காய் மண்ணுக்குள் முற்றுவதால், களத்துக்கு வருமுன்னரே அதற்குப் பூஞ்சணத்தின் தொடர்பு ஏற்பட்டுவிடுகிறது. மண்ணில் ஈரம் உள்ளவரை காய் தன்னைக் காத்துக்கொள்ளும் சக்தியுடன் இருக்கும். காய் முற்றும் கடைசி 3 முதல் 6 வாரங்களில் மழையின்றி நிலம் காய்ந்து, காய் இருக்கும் ஆழத்தில் சூடும் ஏறுமாயின் அச்சக்தி குன்றிவிடும். தோடு வெடித்த காயிலும், கறையான் அரித்த காயிலும், களைக்கொத்து பட்ட காயிலும் பூஞ்சணம் எளிதில் நுழையும்.

இப்பிரதேசத்தின் இரு பட்டங்களிலும் இதற்கு இடமுண்டு. ஆடிப் பட்டத்தில் விதைத்த கடலை ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பிடுங்கப்படுவதால் களத்தில் காய்வது கஷ்டம். புரட்டாசிப் பட்டத்தில் விதைத்தது, மழை நின்றபின் மார்கழி, தை மாதங்களில் வறட்சியில் முற்றுகிறது. அதற்கு விஷம் நிலத்திலேயே ஏறக்கூடும். முன்னதற்குக் காவல் களத்திலும், பின்னதற்குக் காவல் நிலத்திலும் தேவை. எப்பட்டமாயினும், ஈரம் அடங்காத காயை மூட்டை கட்டினால் 25 முதல் 35 டிகிரி வரையுள்ள சாதாரண வெப்பத்திலேயே விஷம் வேகமாகப் பெருகும்.

ஒளியை மட்டும் நம்பலாகாது

விஷம் ஊதாக் கடந்த கிரணங்களில் ஒளிருமாயின், அவ்விளக்கைக் கடலைக் குவியலின்மேல் பிடித்துப் பார்த்தாலே போதாதா என்று தோன்றலாம். அது போதாது. கடலையின் எண்ணெயிலும் தோலிலும் இயற்கையாக உள்ள பல பொருள்களும் அக்கிரணங்களில் ஒளிர்கின்றன. மக்காச்சோளத்தில் விளக்கொளியில் தோன்றும் பசுமஞ்சள் ஒளிகூடப் பூஞ்சணம் இருந்ததற்கு அடையாளமேயன்றி, அது அப்ளாடாக்ஸினின் ஒளியன்று. பல குரல்கள் ஒருங்கே எழும்போது ஒருவன் குரலைத் தனியே அறிய முடியாதவாறு, பல பொருள்கள் ஒருங்கே ஒளிரும்போது விஷத்தின் ஒளியைத் தனியே அறிய முடியாது. ஒவ்வொன்றையும் வெவ்வேறிடத்தில் நிறுத்திய பின்னரே அடையாளம் காண இயலும். அவ்வாறு நிறுத்தும் முறைக்கே குரோமட்டோகிராபி என்று பெயர்.

ஸ்வெட் என்ற ரஷ்ய தாவர சாஸ்திரி 1903-ல் இலைகளின் பச்சைச் சாற்றைச் சுண்ணத்தூள் நிரப்பிய கண்ணாடிக் குழாய் வழியே இறக்கி, அதிலுள்ள நிறங்கள் தனித்தனி வளையங்களாகப் பிரிவதைக் காட்டினார். 1938-ல் இஸ்மாயிலாவ், ஷ்ரைபர் என்ற இருவர் குழாய்க்குப் பதிலாகக் கண்ணாடித் தகட்டின்மேல் மெல்லிய பூச்சைப் பயன்படுத்தினர். 1956 முதல் ஜெர்மனியில் ஈகோன் ஸ்டால் என்பவர் அம்முறையைச் சீர்திருத்தி எங்கும் வழங்கச் செய்தார். இதுவே மென்படலக் குரோமட்டோகிராபி எனப்படுகிறது. 1960-ல் வான்கோழிக் குஞ்சுகள் மடிந்தபோது இம்முறை கைவசம் இருந்தமையால், சில வருஷங்களுக்குள் விஷத்தை நான்காகப் பிரித்தறிய முடிந்தது.

இதன் தத்துவம் அருப்புக்கோட்டையில் சாயத்தொழில் அறிந்தோருக்கு எளிதில் விளங்கும். இரு சாயங்கள் கலந்த ஒரு துளியைத் துணியின் ஓரத்தில் இட்டு, அவ்வோரத்தைத் தண்ணீரில் தொட்டு வைத்தால், தண்ணீர் துணியில் மேலேறும். நூலை இறுகப் பற்றும் சாயம் பின்தங்கும். தண்ணீரோடு எளிதில் செல்லும் சாயம் முன்னேறும். சிறிது நேரத்தில் இரு சாயங்களும் இருவேறு இடங்களில் நிற்கும். இங்கு துணிக்குப் பதில் வெண்பூச்சு. தண்ணீருக்குப் பதில் வேறு திரவம். சாயத்துக்குப் பதில் விஷம்.

சோதனைச்சாலையில் செய்யப்படுவது

முதலாவது, மாதிரிப் பருப்பு முழுவதையும் நன்றாக அரைத்துக் கலந்து, அதில் 50 கிராம் நிறுத்தெடுக்கப்படுகிறது. வழக்கமான முறையொன்றில், 25 மில்லிலிட்டர் தண்ணீரும் 250 மில்லிலிட்டர் குளோரோபாரமும் சேர்த்து அரைமணி நேரம் குலுக்கி வடிகட்டுவர். விஷம் குளோரோபாரத்தில் கரைந்து வந்துவிடும்.

இரண்டாவது, அவ்வடிநீரோடு வந்த எண்ணெயும் நிறப்பொருள்களும் நீக்கப்படவேண்டும். ஸிலிகா ஜெல் என்னும் வெண்ணிறத் தூள் நிரப்பிய குழாயில் வடிநீர் விடப்படும். விஷம் தூளைப் பற்றி நிற்கும். ஹெக்ஸேன், ஈதர் ஆகியவற்றை அடுத்தடுத்து ஊற்றினால் எண்ணெயும் நிறங்களும் கழுவுண்டு போகும். பின்பு குளோரோபாரத்தில் சிறிது மெதனால் கலந்து ஊற்றினால் விஷம் இறங்கி வரும். இதை ஆவியாக்கி, மீந்ததைச் சில துளித் திரவத்தில் கரைத்துக்கொள்வர். 50 கிராம் பருப்பிலிருந்த விஷம் இப்போது சில துளிகளுக்குள் அடங்கியிருக்கும்.

மூன்றாவது, 20 சென்டிமீட்டர் சதுரமுள்ள கண்ணாடித் தகட்டில் கால் மில்லிமீட்டர் கனத்துக்கு ஸிலிகா ஜெல் பூசி, சூடேற்றி உலர்த்தி வைத்திருப்பர். அதன் அடிவிளிம்புக்குச் சற்று மேலே ஒரே வரிசையில் மேற்படி கரைசலை மிகச் சிறு பொட்டுகளாக இடுவர். பக்கத்திலேயே, அளவு தெரிந்த சுத்தமான அப்ளாடாக்ஸின் கரைசலையும் பொட்டுகளாக இடுவர். இவை படிக்கல் போன்றவை. படிக்கல் இன்றி நிறுக்க முடியாதவாறே, இவையின்றித் தகட்டைப் படிக்கவும் முடியாது.

நான்காவது, மூடியுள்ள கண்ணாடித் தொட்டியில் குளோரோபாரம் 9 பங்கும் அஸிடோன் 1 பங்கும் கலந்து சிறிதளவு விட்டு, தகட்டை அதில் நிறுத்துவர். பொட்டுகள் திரவத்தில் மூழ்கலாகாது. திரவம் பூச்சின் வழியே மெல்ல மேலேறும்போது பொட்டுகளிலுள்ள பொருள்களும் தத்தம் இயல்புக்கேற்ப அதனுடன் ஏறும். ஒரு மணி நேரத்துக்குள் போதுமான உயரம் ஏறிவிடும்.

ஐந்தாவது, தகட்டை எடுத்து உலர்த்தி, இருட்டறையில் ஊதாக் கடந்த கிரணங்களின் கீழ் பார்ப்பர். மேலே பி-1, அதன் கீழ் பி-2 ஆகியவை நீலப் பொட்டுகளாகவும், அவற்றின் கீழ் ஜி-1, ஜி-2 ஆகியவை பச்சைப் பொட்டுகளாகவும் வரிசையாக நிற்கும். பெயர்களிலுள்ள 1, 2 என்ற எண்கள் தகட்டில் இவை நிற்கும் வரிசையைக் குறிப்பவையே. மாதிரியின் பொட்டு, படிக்கல்லான பொட்டின் உயரத்திலேயே நின்று அதே நிறத்தில் ஒளிர்ந்தால் விஷம் உண்டெனக் கொள்வர். எந்த அளவுள்ள பொட்டின் ஒளியோடு அது ஒத்திருக்கிறதோ, அதைக்கொண்டு விஷத்தின் அளவைக் கணக்கிடுவர். கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு அளவினதான விஷமும் இத்தகட்டில் புலப்படும்.

இறுதியாகச் சந்தேகம் தீர்த்துக்கொள்ளத் தகட்டின்மேல் நீர் கலந்த கந்தகத் திராவகத்தைத் தெளிப்பதுண்டு. அப்ளாடாக்ஸினாயின் ஒளி மஞ்சளாக மாறும். மாறாவிடில் அது வேறு பொருள் என்று தள்ளிவிடலாம்.

இக்காலத்தில் உயர் அழுத்தத்தில் திரவத்தைச் செலுத்தும் யந்திரங்களும், பதன்செருவிலுள்ள ஸர்வதேச வறண்ட நிலப் பயிர் ஆராய்ச்சி நிலையத்தார் தயாரித்தவை போன்ற குறைந்த செலவுள்ள எலைஸா பரீட்சைப் பெட்டிகளும், சில நிமிஷங்களில் முடிவு காட்டும் பட்டைகளும் வழங்குகின்றன. எனினும் செலவு குறைவானதாலும், ஒரே தகட்டில் பல மாதிரிகளைப் பக்கம் பக்கமாக வைத்துப் பார்க்கலாமாதலாலும் தகட்டு முறை இன்னும் கைவிடப்படவில்லை. குளோரோபாரமும் சுத்த விஷமும் அபாயமானவை. பயிற்சியுள்ளோர் சோதனைச்சாலையில் செய்யத்தக்க காரியமேயன்றி இது வீட்டில் செய்து பார்க்கத்தக்கதன்று.

மாதிரியின் அருமை

தகடு எவ்வளவு நுட்பமாயினும், தன்னிடம் கொணரப்பட்ட மாதிரியைப் பற்றியே அது பேசும். மூட்டையைப் பற்றி அது பேசுவது, மாதிரி மூட்டைக்குச் சரியான பிரதிநிதியாக இருந்தால் மட்டுமே. கடலை விஷயத்தில் இது சுலபமன்று. ஆயிரம் பருப்புகளில் ஒன்றிரண்டே விஷமேறியிருக்கலாம். ஆனால் அந்த ஒன்றில் விஷம் மிக அதிகமாக இருக்கும். கிலோ ஒன்றுக்கு 10 லட்சம் மைக்ரோகிராம் என்ற விகிதத்துக்கு மேலும் விஷமேறிய பருப்புகள் காணப்பட்டிருக்கின்றன. அவ்விகிதத்தில் அரை கிராம் எடையுள்ள ஒரே பருப்பில் 500 மைக்ரோகிராம் விஷம் இருக்கும். கிலோவுக்கு 15 மைக்ரோகிராம் என்ற சட்ட வரம்பைக்கொண்டு கணக்கிட்டால், அந்த ஒரு பருப்பு சுமார் 33 கிலோ நல்ல பருப்பை வரம்பு வரை கொண்டுபோய் நிறுத்தப் போதுமானது.

ஆகவே மூட்டையின் மேலிருந்து ஒரு பிடி அள்ளி அனுப்புவது பயனற்றது. அப்பிடியில் அந்தப் பருப்பு அகப்படாவிட்டால் கெட்ட சரக்கு நல்லதாகும். அகப்பட்டால் நல்ல சரக்கும் கெட்டதாகும். ஸர்வதேச வியாபாரத்தில் மேற்கொண்டு பக்குவம் செய்யப்படவுள்ள பருப்புக்குச் சோதனை மாதிரி 20 கிலோ என்று வகுக்கப்பட்டிருப்பது இதனாலேயே. குடியானவர் மாதிரி அனுப்பும்போது ஒவ்வொரு மூட்டையிலும் மேல், நடு, அடி ஆகிய மூன்றிடங்களிலும் எடுத்து, ஒன்றாகக் கலந்து, நன்கு உலர்ந்த நிலையில் துணிப்பையிலோ காகிதப் பையிலோ அனுப்புதல் வேண்டும். ஈரமான காயைப் பிளாஸ்டிக் பையில் கட்டி அனுப்பினால் வழியிலேயே பூஞ்சணம் வளர்ந்து முடிவு பொய்த்துவிடும்.

சட்ட வரம்பு

நம் தேசத்து உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி தானியங்களிலும், மேற்கொண்டு பக்குவம் செய்யப்படும் கடலை முதலிய பருப்புகளிலும் மொத்த அப்ளாடாக்ஸின் கிலோவுக்கு 15 மைக்ரோகிராமுக்கு மேற்படலாகாது. நேரே உண்ணத்தக்கவற்றுக்கு வரம்பு 10 மைக்ரோகிராம். ஐரோப்பிய ஒன்றியத்தில் நேரே உண்ணும் கடலைக்கு இது 4 மைக்ரோகிராமேயாகும். 15 மைக்ரோகிராம் என்பது ஒரு டன் பருப்பில் 15 மில்லிகிராம். அஃதாவது ஓர் அரிசியின் எடைக்கும் குறைவு. இத்தனை சிறு அளவைக் கண்ணால் பார்த்துச் சரக்கைத் தரம் பிரிக்க வியாபாரிக்கும் இயலாது, குடியானவருக்கும் இயலாது. சந்தேகம் வந்தால் வியாபாரி முழுச் சரக்கின் விலையையும் குறைப்பான். காய்ந்த சரக்கு என்ற பெயரே அதற்கு மாற்று.

நிலத்திலும் களத்திலும் செய்யத்தக்கவை

தகடு விஷத்தைக் காட்டும்; நீக்காது. நீக்கும் வேலையும் வராமல் தடுக்கும் வேலையும் குடியானவர் கையில் உள்ளன. அவை வருமாறு:

1. விதைப் பருப்புக்குக் கிலோ ஒன்றுக்கு டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சணத் தூள் 4 கிராம் கலந்து விதைத்தல்.

2. விதைத்த 40 முதல் 45 நாட்களில் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்ஸம் இட்டு மண் அணைத்தல். சுண்ணாம்புச் சத்தால் தோடு உறுதிப்படும். விழுது மண்ணில் இறங்கிய பின் களைக்கொத்தால் கிளறலாகாது.

3. கிணறோ பண்ணைக் குட்டையோ உள்ளவர்கள், காய் முற்றும் தருணத்தில் மழை பொய்த்தால் ஒரு தண்ணீராவது பாய்ச்சுதல். இந்த ஒரு பாய்ச்சலால் மகசூல் உயர்வதுடன் விஷமும் குறையும்.

4. தோட்டின் உட்புறம் கறுத்ததும் காலம் தாழ்த்தாது பிடுங்குதல். முற்றியபின் காய்ந்த நிலத்தில் விட்டு வைப்பது விஷத்துக்கு இடமளிப்பதாகும்.

5. பிடுங்கிய செடிகளைக் காய் மேலாகவும் இலை கீழாகவும் தலைகீழாக வரிசையிட்டுக் காய வைத்தல். பச்சையாகக் குவித்துப் போர் வைத்தல் ஆகாது. போரின் உட்சூட்டில் பூஞ்சணம் விரைவில் பரவும்.

6. மண்ணில் தங்கி, பிறகு கொத்திப் பொறுக்கிய காய்களையும், வெடித்தவை, கறையான் அரித்தவை, பிஞ்சுகள் ஆகியவற்றையும் நல்ல காயோடு சேர்க்காது தனியே வைத்தல்.

7. காயின் ஈரம் 8 சதவிகிதத்துக்கும், பருப்பின் ஈரம் 7 சதவிகிதத்துக்கும் இறங்கும்வரை காய வைத்தல். காதருகே குலுக்கினால் காய்க்குள் பருப்பு கலகலவென்று ஒலிக்கவேண்டும். இரவில் பனி படாமலும், மழை வந்தால் உடனேயும் தார்ப்பாய் கொண்டு மூடுதல்.

8. தோடு உடைக்கும்போது காய்மேல் தண்ணீர் தெளிக்கும் வழக்கத்தை அறவே விடுதல். பருப்பு நொறுங்காமலிருக்கவும் எடை கூடவும் செய்யப்படும் இக்காரியம், பல நாள் காய வைத்த பலனை ஒரு நாழிகையில் கெடுத்துவிடும்.

9. மூட்டைகளைத் தரையில் போடாமல் பலகை மேல், சுவரை ஒட்டாமல் அடுக்குதல். கூரை ஒழுக்கையும் வண்டையும் கவனித்தல். பழைய கடலை இருந்த சாக்கை வெயிலில் உதறிக் காயவைத்த பின்னரே மீண்டும் உபயோகித்தல்.

கழித்த பருப்பு எங்கே போகிறது?

விஷத்தில் பெரும் பகுதி, சுருங்கியவை, நிறம் மாறியவை, உடைந்தவை, பூச்சி அரித்தவை, பூஞ்சணம் பூத்தவை ஆகிய பருப்புகளிலேயே இருக்கிறது. இவற்றைப் பொறுக்கி நீக்கினால் மீந்த சரக்கு பெரும்பாலும் வரம்புக்குள் வரும். பெரிய ஆலைகளில் நிறம் பிரிக்கும் யந்திரங்கள் செய்வதை, வீட்டுப் பெண்கள் முறத்தில் வைத்துக் கையால் செய்கிறார்கள். சோதனைச்சாலையில் விஷத்தைப் பிரித்துக் காட்டுவதைக் காட்டிலும் களத்தில் கெட்ட பருப்பைப் பிரித்து நீக்குவதே அதிக உயிர்களைக் காக்கும்.

ஆனால் பொறுக்கி நீக்கியதை என்ன செய்வது என்பதில்தான் பெரும்பாலும் தவறு நேர்கிறது. விற்பனைக்கு உதவாதது வீட்டுச் செக்குக்கு உதவும் என்று அதை ஆட்டிவிடும் வழக்கம் உண்டு. நல்ல பருப்பு கடைக்கும், விஷமேறிய பருப்பு வீட்டுக்கும் என்று பங்கு பிரித்ததாக இது முடியும். செக்கில் ஆட்டும்போது விஷத்தின் ஒரு பகுதி வடிகட்டாத எண்ணெயில் வரும். பெரும் பகுதி புண்ணாக்கில் தங்கும். காரங்கொண்டு சுத்தி செய்யும் ஆலை எண்ணெயில் விஷம் நீங்கிவிடும். செக்கெண்ணெயில் அவ்வாறு நீங்காது. எண்ணெயைக் கண்ணாடிப் பாத்திரத்தில் வைத்து நல்ல வெயிலில் காட்டினால் அதிலுள்ள விஷத்தின் பெரும் பகுதி சிதைகிறது என்று மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில் ஆராய்ச்சி நிலையத்தார் காட்டியுள்ளனர். புண்ணாக்குக்கோ அத்தகைய எளிய வழி இல்லை.

புண்ணாக்கைத் தின்ற பசுவின் உடலில் பி-1 என்னும் விஷம் எம்-1 என்னும் பொருளாக மாறிப் பாலில் இறங்குகிறது. தின்ற விஷத்தில் சுமார் 1 முதல் 3 சதவிகிதம் பாலுக்கு வருகிறது. உதாரணமாக, கிலோவுக்கு 500 மைக்ரோகிராம் விஷமுள்ள புண்ணாக்கை ஒரு பசுவுக்குத் தினம் 2 கிலோ வைத்தால், அது தின்னும் விஷம் 1000 மைக்ரோகிராம். அதில் 2 சதவிகிதம் பாலுக்கு வந்தால் 20 மைக்ரோகிராம். பசு 8 லிட்டர் கறக்குமாயின் லிட்டருக்கு இரண்டரை மைக்ரோகிராம் ஆகிறது. பாலுக்குச் சட்டம் வகுத்த வரம்பு கிலோவுக்கு அரை மைக்ரோகிராம். ஆகவே இப்பால் வரம்பைப்போல் சுமார் ஐந்து மடங்கு விஷமுள்ளது. காய்ச்சினாலும் தயிராக்கினாலும் அது அழிவதில்லை. அப்பாலை முதலில் குடிப்பது அவ்வீட்டுக் குழந்தையே.

இதில் ஆறுதலான விஷயமும் உண்டு. கெட்ட புண்ணாக்கை நிறுத்திய சில நாட்களுக்குள் பாலில் விஷம் மறைந்துவிடும். ஆகையால் பூஞ்சணம் பிடித்த புண்ணாக்கு, கட்டிபட்ட தீவனம், கறுத்து முடை நாற்றமெடுத்த கொடி ஆகியவற்றைக் கண்டவுடன் கறவை மாட்டுக்கும் கோழிக்கும் வைப்பதை நிறுத்திவிடவேண்டும். கழித்த பருப்பைச் செக்குக்கு அனுப்பாமல் எரித்துவிடுவதோ ஆழக் குழியில் புதைப்பதோ நலம். நூறு கிலோவில் இரண்டு மூன்று கிலோ போய்விடுகிறதே என்று தோன்றலாம். அந்த இரண்டு மூன்று கிலோவில்தான் நூறு கிலோவின் விஷத்தில் பெரும் பகுதி அடங்கியிருக்கிறது. பூஞ்சணத் தூள் மூச்சில் ஏறாதபடி, பொறுக்குவோர் வாயையும் மூக்கையும் துணியால் கட்டிக்கொள்ளுதல் அவசியம்.

கிராம அதிகாரிகள் கவனிக்கத்தக்கவை

அறுவடைச் சமயத்தில் பருவமின்றி மழை பெய்த வருஷத்தைக் கிராம நிர்வாக அலுவலர்களும் ஊராட்சித் தலைவர்களும் சாதாரண வருஷமாகக் கருதலாகாது. சிமெண்டுக் களங்களை முறைவைத்து எல்லோருக்கும் கொடுத்தலும், களமில்லாச் சிறு குடியானவர்க்குத் தார்ப்பாய் கிடைக்க வழி செய்தலும், நனைந்த கடலையும் மக்காச்சோளமும் காயாமல் மூட்டையாவதைத் தடுத்தலும் அவர்கள் செய்யக்கூடிய பேருதவிகளாகும். ஒரே கிராமத்தில் பல வீடுகளில் கோழிக்குஞ்சுகளோ நாய்களோ காரணமின்றி மடிந்தாலும், கறவை மாடுகள் ஒருங்கே தீவனம் மறுத்துப் பால் வற்றினாலும், அல்லது பலருக்கு ஒரே சமயத்தில் காமாலை கண்டாலும், கிருமியைத் தேடுவதோடு நில்லாமல் தானியத்தையும் தீவனத்தையும் மாதிரி எடுத்துச் சோதனைக்கு அனுப்பச் செய்தல் வேண்டும். பான்ஸ்வாராவில் மனிதருக்கு முன்னரே நாய்கள் நோயுற்றன. அவ்வடையாளத்தை உடனே அறிந்து தானியத்தை மாற்றியிருந்தால் பல உயிர்கள் தப்பியிருக்கும்.

வேளாண்மை விஷயங்களில் ஆலோசனை வேண்டுவோர் காரியாபட்டி வட்டார வேளாண்மை அலுவலகத்தையோ, அருப்புக்கோட்டைக்கு அருகே கோவிலாங்குளத்திலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையத்தையோ அணுகலாம். அறுவடைக்குப் பதினைந்து நாள் முன்னரே களத்தையும் தார்ப்பாயையும் சாக்குகளையும் தயார் செய்து வைத்தல் ஒவ்வொரு கடலைக் குடியானவரும் இவ்வருஷம் தவறாது செய்யத்தக்கதாகும்.